செல்லோடு செல் எப்படிச் சேர்ந்திருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். செல் என்றதும் மாணவர்கள் கேட்பதெல்லாம் உள்ளே இருப்பதைப் பற்றித்தான்: மைட்டோகாண்ட்ரியா, உட்கரு, டிஎன்ஏ. ஒரு செல் பக்கத்துச் செல்லை எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. நானும் பல வருடம் அந்தப் பாடத்தை ஒரே வகுப்பில் முடித்துவிடுவேன். என் பெரியம்மாவுக்கு வந்த ஒரு தோல் நோய்தான் என்னை அந்தப் பாடத்துக்குத் திரும்பவும் இழுத்துக்கொண்டு போனது. அந்தக் கதை கீழே வருகிறது. அதற்கப்புறம் சொந்தக்காரர்களும் மாணவர்களும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

உடம்பில் இருக்கும் எல்லாச் செல்களும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றனவா?

இல்லை. மனித உடலில் ஏறக்குறைய 30 லட்சம் கோடி செல்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ரத்தச் சிவப்பணுக்கள். அவை யாரையும் பிடித்துக்கொள்வதில்லை, பிடித்துக்கொண்டால் ரத்தம் ஓடாது. ஆக, எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நம் செல்களில் பெரும்பாலானவை தனியாள்கள்.

ஆனால் உடம்புக்கு உருவம் கொடுப்பது மீதி இருக்கும் செல்கள்தான். தோல், குடல், ஈரல், சிறுநீரகம், இதயம் எல்லாமே பக்கத்தில் இருப்பதை விடாமல் பிடித்திருக்கும் செல்களால் ஆனவை. வெள்ளையணுக்கள் இரண்டுக்கும் நடுவே நிற்பவை. ரத்தத்தில் மிதந்து வரும், புண் இருக்கும் இடம் வந்ததும் ரத்தக்குழாய்ச் சுவரைப் பற்றிக்கொண்டு உருளும், பிறகு அழுத்தமாக ஒட்டி, சுவர்ச் செல்களின் இடுக்கில் நுழைந்து வெளியே போகும். அப்படிப் பற்றுவதற்கான புரதம் பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் உண்டு. அவர்கள் ரத்தத்தில் வெள்ளையணு ஏராளமாக இருக்கும், ஆனால் புண்ணில் சீழ்கூடப் பிடிக்காது, ஏனென்றால் அணுக்கள் அந்த இடத்தில் இறங்க முடியாது.

செங்கல்லுக்கு நடுவே சிமென்ட் போல, செல்களுக்கு நடுவே ஏதாவது பசை இருக்கிறதா?

இந்த உவமையை நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. சிமென்ட்டை வெளியிலிருந்து பூசுகிறோம், செங்கல் சும்மா இருக்கிறது. செல் சும்மா இருப்பதில்லை. தன் சவ்விலிருந்து புரதங்களை வெளியே நீட்டுகிறது, பக்கத்துச் செல்லும் அதேபோல நீட்டுகிறது, இரண்டும் கோத்துக்கொள்கின்றன. அதோடு முடியவில்லை. அந்தப் புரதத்தின் அடுத்த முனை செல்லுக்குள்ளே இருக்கும் இழைகளில் கட்டப்பட்டிருக்கிறது. தோளோடு சேர்ந்த கை இழுத்தால் தாங்கும் அல்லவா, அதுபோல. உள்ளே கட்டு இல்லாமல் சவ்வில் மட்டும் ஒட்டியிருந்தால், இழுக்கும்போது சவ்வு கிழிந்துவிடும்.

இப்படிக் கோக்கும் புரதங்களில் முக்கியமான குடும்பத்துக்குக் கேட்ஹெரின் என்று பெயர். இவை வேலை செய்யக் கால்சியம் வேண்டும். ஒரு கேட்ஹெரினின் வெளிப்பகுதியில் ஐந்து கண்ணிகள் இருக்கும். கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவே கால்சியம் உட்கார்ந்தால்தான் அது விறைப்பாக நிற்கும். கால்சியத்தை எடுத்துவிட்டால் துவண்டுவிடும். ஆய்வகத்தில் செல் வளர்ப்பவர்கள் தினமும் செய்கிற வேலை இது: தட்டில் ஒட்டி வளர்ந்த செல்களைப் பிரிக்க வேண்டுமானால், கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ கரைசலையும் புரதத்தை வெட்டும் டிரிப்சினையும் ஊற்றுவார்கள். சில நிமிடத்தில் தகடு போல இருந்தது தனித்தனி உருண்டைகளாக மிதக்கும்.

ஒரு ஜோடி கேட்ஹெரினின் பிடி ரொம்ப லேசானது. நூற்றுக்கணக்கில் பக்கம் பக்கமாகச் சேரும்போதுதான் பலம் வருகிறது. பையில் தைத்திருக்கும் வெல்க்ரோ பட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்.

தன் இனத்துச் செல் எது என்று ஒரு செல்லுக்கு எப்படித் தெரியும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 1907ல் அமெரிக்காவில் எச்.வி. வில்சன் என்ற விலங்கியலாளர் ஒரு கடற்பஞ்சை எடுத்து மெல்லிய பட்டுத் துணியில் வைத்துப் பிழிந்தார். துணியின் அந்தப் பக்கம் செல்கள் தனித்தனியாக உதிர்ந்து கடல்நீரில் விழுந்தன. செத்துப் போகும் என்றுதானே நினைப்போம்? அவை ஊர்ந்து ஊர்ந்து ஒன்றுசேர்ந்து, கூட்டமாகி, திரும்பவும் ஒரு கடற்பஞ்சாக ஆகிவிட்டன. பிற்காலத்தில் சிவப்பு இனத்தையும் மஞ்சள் இனத்தையும் இப்படிப் பிழிந்து கலந்து பார்த்தார்கள். சிவப்பு சிவப்போடும் மஞ்சள் மஞ்சளோடும் பிரிந்து சேர்ந்தன.

1955ல் டவுன்ஸ், ஹோல்ட்ஃபிரெட்டர் என்ற இருவர் நீர்நில வாழ்விகளின் கருவில் இதேபோல ஒரு சோதனை செய்தார்கள். தோலாக வேண்டிய செல்கள், நரம்பாக வேண்டிய செல்கள், நடு அடுக்குச் செல்கள் எல்லாவற்றையும் பிரித்துக் கலந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் தோல் செல்கள் வெளியே வந்தன, நரம்புச் செல்கள் உள்ளே போயின, நடு அடுக்குச் செல்கள் இரண்டுக்கும் இடையில் நின்றன. கருவில் இருக்கும் அதே வரிசை. யாரும் அவற்றை அடுக்கவில்லை.

இதற்கு விடை ஜப்பானில் கிடைத்தது. கால்சியம் இருந்தால் மட்டும் செல்கள் ஒட்டுவதை மசதோஷி தகேய்ச்சி 1970களில் ஆராயத் தொடங்கி, அதற்குக் காரணமான புரதங்களைக் கண்டுபிடித்தார். கேட்ஹெரின் என்ற பெயரும் அவர் வைத்ததே. கேட்ஹெரினில் பல வகை உண்டு: தோல், குடல் போன்ற உறைத் திசுக்களில் ஈ-கேட்ஹெரின், நரம்பில் என்-கேட்ஹெரின். பெரும்பாலும் ஒரு வகை தன் வகையையே தேடிப் பிடிக்கும். எந்த வகை, எவ்வளவு எண்ணிக்கையில் என்பதை வைத்தே செல்கள் பிரிந்து அடுக்காகச் சேர்கின்றன. கருவில் முதுகுப்புறச் செல் தகடு சுருண்டு நரம்புக்குழாயாக மாறும்போது, அந்தச் செல்கள் ஈ வகையைக் கைவிட்டு என் வகைக்கு மாறுகின்றன. அதனால்தான் மேலே இருக்கும் தோலிலிருந்து அந்தக் குழாய் கழன்று தனியாக உள்ளே இறங்க முடிகிறது.

மொத்தம் எத்தனை வகை இணைப்புகள்?

ஒரு குடல் செல்லின் பக்கச்சுவரில் மேலிருந்து கீழே இறங்கிப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். குடலின் உள்வெளியை ஒட்டி, உச்சியில் இருப்பது டைட் ஜங்ஷன், அதாவது இறுக்கச் சந்திப்பு. இடுக்கை அடைப்பது அதன் வேலை. அதற்குக் கீழே செல்லைச் சுற்றி இடுப்புப் பட்டை மாதிரி ஒட்டுச் சந்திப்பு ஓடும். கேட்ஹெரின் வெளியே, ஆக்டின் என்ற புரத இழை உள்ளே. அதற்கும் கீழே ஆங்காங்கே புள்ளிகளாக டெஸ்மோசோம், பிறகு செல்லிலிருந்து செல்லுக்குத் துளை போட்ட கேப் ஜங்ஷன். அடிப்பாகத்தில் செல்லைத் தரையோடு பிடித்து வைக்கும் இணைப்புகள் தனி. மேல் மூன்றும் எப்போதும் இந்த வரிசையில்தான் இருக்கும் என்பதை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து 1963ல் விரிவாக எழுதியவர்கள் மர்லின் ஃபார்குவரும் ஜார்ஜ் பலாடேயும்.

பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அடைப்பது, பிடிப்பது, பேசுவது. இந்த மூன்று வேலையை நினைவில் வைத்தால் போதும்.

டைட் ஜங்ஷன் என்றால் ஒரு சொட்டுகூடக் கசியாதா?

இடத்தைப் பொறுத்தது. சிறுநீர்ப்பையில் கிட்டத்தட்டக் கசியாது, கசியவும் கூடாது. சிறுகுடலில் வேண்டுமென்றே கொஞ்சம் தளர்வாக இருக்கும், நீரும் உப்பும் போய் வர வேண்டுமே.

எது போகலாம், எது போகக்கூடாது என்பதைத் தீர்மானிப்பவை கிளாடின் என்ற புரதங்கள். 1998ல் கியோட்டோவில் ஷோய்ச்சிரோ ட்சுகிதாவின் குழு இவற்றைக் கண்டுபிடித்தது. மூடு என்று பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். ஆனால் இருபதுக்கும் மேற்பட்ட கிளாடின்களில் சில மூடுவதில்லை, வழி விடுகின்றன. சிறுநீரகத்தில் கிளாடின்-16 இருக்கும் இடத்தில் மெக்னீசியமும் கால்சியமும் செல்களின் இடுக்கு வழியாகத் திரும்பவும் ரத்தத்துக்குப் போகின்றன. அந்த ஒரு புரதம் பழுதாகிப் பிறக்கும் குழந்தைகளுக்கு மெக்னீசியம் சிறுநீரில் போய்க்கொண்டே இருக்கும். சிறுநீரகத்தில் கால்சியம் படிந்து, நாளாக ஆக அது செயலிழக்கவும் கூடும்.

அடைப்பு மிகவும் கண்டிப்பாக இருக்கும் இடம் மூளையின் ரத்தக்குழாய்கள். 1885ல் பால் எர்லிச் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றினார். உறுப்பெல்லாம் நிறம் மாறியது, மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. அதன் காரணம் 1967ல்தான் தெளிவானது: அங்கே குழாய்ச்சுவர்ச் செல்களுக்கு நடுவே டைட் ஜங்ஷன் இடைவிடாமல் ஓடுகிறது. பார்க்கின்சன் நோயில் குறைவது டோபமின். அதையே மாத்திரையாகக் கொடுத்தால் மூளைக்குள் போகாது. அதனால்தான் செல்லின் வழியாகவே உள்ளே போகக்கூடிய லெவோடோபாவைக் கொடுக்கிறார்கள். அது மூளைக்குள் போய் டோபமினாக மாறுகிறது.

"லீக்கி கட்" என்று யூடியூபில் சொல்கிறார்களே, அது உண்மையா?

குடலின் கசிவு கூடுவது உண்மை, அளந்தும் பார்க்கலாம். கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயிலும், குரோன்ஸ் நோயிலும் அது கூடுகிறது. அதற்கு அப்பால் சொல்லப்படுவதில் பெரும்பகுதிக்கு ஆதாரம் இல்லை. களைப்பு, முகப்பரு, மூட்டு வலி, மன வருத்தம் எல்லாவற்றுக்கும் இதுவே காரணம் என்று சொல்லிப் பொடியும் மாத்திரையும் விற்கிறார்கள். அந்தப் பொடி டைட் ஜங்ஷனை இறுக்கி நோயைக் குணப்படுத்தும் என்று நிரூபணம் ஆகவில்லை. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, எடை குறைகிறது, மலத்தில் ரத்தம் வருகிறது என்றால் குடல் மருத்துவரிடம் போங்கள். பொடி வாங்குகிற காசில் அந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம்.

டெஸ்மோசோம் என்ன செய்கிறது? இல்லாவிட்டால் என்ன ஆகும்?

இதற்குத்தான் பெரியம்மாவின் கதை.

முதலில் வாயில் புண் வந்தது. பக்கத்து கிளினிக்கில் பி காம்ப்ளெக்ஸ் கொடுத்தார்கள். ஆறவில்லை. வேறு வைட்டமின் மாத்திரை, வாய் கொப்புளிக்க மருந்து, இப்படியே மூன்று மாதம். சோறு கரைத்துக் குடிக்கவே அழுவார். அப்புறம் ஒரு நாள் முதுகில் கொப்புளம் எழும்பியது. சேலை உரசியதிலேயே உடைந்து தோல் உரிந்து வந்தது. அப்போதுதான் தோல் மருத்துவரிடம் போனோம். கொப்புளத்தின் ஓரத்திலிருந்து கொஞ்சம் தோல் எடுத்துச் சோதித்தார்கள். பெம்ஃபிகஸ் வல்காரிஸ் என்று தெரிந்தது.

டெஸ்மோசோம் என்பது இரண்டு செல்களைப் பிடிக்கும் பொத்தான் மாதிரி. வெளியே டெஸ்மோகிளீன், டெஸ்மோகாலின் என்ற கேட்ஹெரின் குடும்பப் புரதங்கள் கோத்திருக்கும். உள்ளே கெரட்டின் இழை அந்தப் பொத்தானில் வந்து மாட்டியிருக்கும். செல்லுக்குச் செல் இப்படி மாட்டி மாட்டித் தோல் முழுக்க ஒரே வலையாகிவிடுகிறது. கிள்ளினாலும் இழுத்தாலும் தோல் கிழியாமல் இருப்பதற்கு இந்த வலைதான் காரணம்.

பெம்ஃபிகஸில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே டெஸ்மோகிளீனைப் பகையாளி என்று நினைத்து ஆன்டிபாடி தயாரிக்கிறது. பொத்தான் கழன்றுவிடுகிறது. செல்கள் சாகவில்லை, பிடி மட்டும் போய்விட்டது. இடைவெளியில் நீர் சேர்ந்து கொப்புளமாகிறது. வாயில் ஏன் முதலில் வந்தது என்பதற்கும் தெளிவான விடை உண்டு. தோலில் டெஸ்மோகிளீன் 1, 3 என்று இரண்டும் இருக்கின்றன. ஒன்று போனால் மற்றது ஓரளவு தாங்கும். வாய்க்குள் பெரும்பாலும் 3ஐ நம்பித்தான் செல்கள் நிற்கின்றன. அதைத் தாக்கும் ஆன்டிபாடி வந்தால் முதலில் விழுவது வாய்.

அந்தத் தோல் துண்டின் படத்தை மருத்துவர் எனக்குக் காட்டினார். ஒளிரும் சாயம் போட்டு, ஆன்டிபாடி எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்க்கும் சோதனை. கறுப்புப் பின்னணியில் பச்சையாக ஒரு மீன்வலை. ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் ஒரு செல், வலைக்கயிறு முழுக்க செல்லும் செல்லும் சந்திக்கும் இடம். இத்தனை வருடம் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டிய இடம் அது.

ஸ்டீராய்டு வருவதற்கு முன் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்ததில்லை. 1980களில் டெல்லி எய்ம்ஸில் ஜே.எஸ். பாஸ்ரிச்சா, அதிக அளவு டெக்ஸாமெதசோனையும் சைக்ளோபாஸ்பமைடையும் இடைவெளி விட்டு ஏற்றும் முறையைக் கொண்டுவந்தார். இந்தியாவில் பல நோயாளிகளை அது காப்பாற்றியது. இப்போது ஆன்டிபாடி தயாரிக்கும் செல்களுக்கு முன்னோடியான பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் இருக்கிறது. பெரியம்மா இப்போது ரசம் சாதம் காரத்தோடு சாப்பிடுகிறார்.

வாய்ப்புண் மூன்று வாரம் தாண்டியும் ஆறவில்லையென்றால் வைட்டமின் என்று காத்திருக்காதீர்கள். பெம்ஃபிகஸ் அரிது. ஆனால் நாள்பட்ட வாய்ப்புண்ணுக்குப் பின்னால் புற்றுநோய் உள்பட வேறு காரணங்களும் இருக்கலாம். பார்த்துவிடுவது நல்லது.

கைக்குழந்தைக்குத் தோல் வெந்தது போல உரிகிறது. அதுவும் இதே பிரச்சினையா?

இடம் அதே இடம், காரணம் வேறு. சில ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிகள் விடும் நஞ்சு டெஸ்மோகிளீன் 1ஐ மட்டும் கத்தரி மாதிரி வெட்டுகிறது. மேல்தோல் தாளாக உரியும். வாயில் 3 இருப்பதால் வாய் தப்பித்துவிடும். இது ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் சரியாகக்கூடியது, ஆனால் குழந்தைகளுக்கு அவசரம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதயத்துக்கும் முடிக்கும் என்ன சம்பந்தம்? ஒரு கிரேக்கத் தீவு நோய் பற்றிப் படித்தேன்.

நக்ஸோஸ் தீவு. அங்கே சில குடும்பங்களில் குழந்தைகள் பிறக்கும்போதே கம்பளி போன்ற சுருட்டை முடியோடு பிறந்தார்கள். தவழ்ந்து நடக்க ஆரம்பித்ததும் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்தன. வாலிப வயதில் இதயத் துடிப்பு தாறுமாறானது, சிலர் திடீரென்று இறந்தார்கள். 1986ல் அந்த ஊர் மருத்துவர்கள் இதை எழுதினார்கள். 2000ல் காரணம் தெரிந்தது: டெஸ்மோசோமின் உட்பகுதியில் இருக்கும் பிளாக்கோகுளோபின் என்ற புரதத்தின் மரபணுவில் ஒரு சிறு குறை.

முடி, உள்ளங்கை, இதயம். மூன்றும் இழுபடும் இடங்கள். அதிலும் இதயம் ஒரு நாளைக்கு லட்சம் முறை இழுபடுகிறது. பொத்தான் பலவீனமாக இருந்தால் செல்கள் மெல்லப் பிரிந்து, இறந்து, அந்த இடத்தில் கொழுப்பும் நாரும் நிரம்பும். மின்துடிப்பு அங்கே தடுமாறும். விளையாட்டு மைதானத்தில் திடீரென்று விழுந்து இறக்கும் இளைஞர்களில் சிலருக்கு இந்த வகைக் குறை இருப்பது பிற்பாடு தெரிகிறது. குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் அப்படி இறந்திருந்தால் மற்றவர்கள் இதய மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

கேப் ஜங்ஷன் வழியாகச் செல்கள் என்ன பேசுகின்றன?

ஆறு கனெக்சின் புரதங்கள் வட்டமாக நின்று ஒரு அரைக்குழாய் ஆகும். பக்கத்துச் செல்லின் அரைக்குழாயோடு அது முட்டிப் பொருந்தினால் முழுக்குழாய். இரண்டு சவ்வுக்கும் நடுவே 2 முதல் 4 நானோமீட்டர்தான் இடைவெளி. அந்தத் துளை வழியாக அயனிகள், சர்க்கரை, சிறு செய்தி மூலக்கூறுகள் போகும். புரதம், டிஎன்ஏ போன்ற பெரிய சரக்கு போகாது.

செல்லிலிருந்து செல்லுக்கு மின்சாரம் நேரடியாகப் பாய முடியும் என்பதை 1959ல் ஃபர்ஷ்பான், பாட்டர் இருவரும் கிரேஃபிஷ் என்ற நன்னீர் உயிரியின் நரம்பில் காட்டினார்கள். நம் இதயம் முழுக்க இந்த வழியில்தான் ஓடுகிறது. இயல்பான துடிப்பைத் தொடங்கும் செல்கள் இதயத்தில் ஒரு சிறு மூலையில் இருக்கின்றன. அங்கே எழும் மின் அலை கனெக்சின் துளைகள் வழியாகச் செல்லுக்குச் செல் கடந்து, இதயத் தசை முழுவதும் சேர்ந்து சுருங்குகிறது. கோடிக்கணக்கான செல்களுக்குத் தனித்தனியாக நரம்பு இழுக்கவில்லை.

பிரசவம் இன்னொரு உதாரணம். கர்ப்ப காலம் முழுவதும் கருப்பைத் தசையில் கேப் ஜங்ஷன் குறைவு, அதனால் அங்கங்கே லேசான இறுக்கம் வந்து போகும். பிரசவம் நெருங்கும்போது அவை வேகமாகக் கூடுகின்றன. தசைச் செல்கள் ஒன்றோடொன்று மின்சாரத்தால் இணைந்த பிறகுதான் குழந்தையைத் தள்ளும் அளவுக்கு வலி ஒரே சீராக எடுக்கிறது. கண்ணின் லென்ஸுக்குள் ரத்தக்குழாய் கிடையாது. அதன் உட்செல்களுக்கும் இந்தத் துளைகள்தான் உணவு வழி. அங்கே கனெக்சின் பழுதானால் குழந்தை கண்புரையோடு பிறக்கலாம்.

நரம்பு முனை, அதாவது சினாப்ஸும் ஒரு செல் இணைப்புதானா?

ஆம். ஏறக்குறைய 20 நானோமீட்டர் இடைவெளி விட்டு, வேதிப்பொருள் வீசிப் பேசும் இணைப்பு. அந்த இடைவெளியைத் தாண்டி இரண்டு பக்கத்தையும் பிடித்து வைப்பதற்கும் கேட்ஹெரின் போன்ற புரதங்கள் இருக்கின்றன. அது தனிப் பக்கம் எழுத வேண்டிய விஷயம்.

ஒருமுறை போட்ட இணைப்பு வாழ்நாள் முழுக்க இருக்குமா?

இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்ல ஆசைப்படுகிறேன். இருக்காது. இதயத்தில் இருக்கும் கனெக்சின்-43 புரதத்தின் அரை ஆயுள் சில மணி நேரம்தான். நேற்றுக் காலை உங்கள் இதயத்தை ஒரே தாளத்தில் துடிக்க வைத்த துளைகளில் பெரும்பாலானவை இப்போது இல்லை. புதிதாகப் போடப்பட்டவை துடிக்க வைக்கின்றன. இதெல்லாம் துடிப்பு ஒன்றுகூட நிற்காமல் நடக்கிறது.

குடலின் உள்ளுறை மூன்று முதல் ஐந்து நாளில் முழுதாக மாறிவிடும். சாகப்போகும் செல்லை அப்படியே உதிர்த்தால் அங்கே ஓட்டை விழுமே? விழுவதில்லை. அந்தச் செல் சைகை கொடுக்கிறது. சுற்றி இருக்கும் செல்கள் அதற்கு அடியில் ஆக்டின் வளையத்தைச் சுருக்குப்பை மாதிரி இழுத்து, தங்களுக்குள் புதிய இணைப்பைப் போட்டுக்கொண்டே பழையதை மேலே தள்ளிவிடுகின்றன. அதனால் கசிவு ஏற்படுவதில்லை.

கை அறுந்தால் நடப்பதும் இதே மாதிரிதான். புண் ஓரத்துச் செல்கள் பாதிப் பிடியை விட்டு, தகடாக நகர்ந்து, எதிர்ப் பக்கத்துச் செல்லைத் தொட்டதும் நின்று திரும்பவும் பொத்தான் போட்டுக்கொள்ளும். முழுப் பிடியையும் விட்டால் திசு சிதறும், கொஞ்சம்கூட விடாவிட்டால் புண் மூடாது.

பயாப்ஸி அறிக்கையில் "ஈ-கேட்ஹெரின் நெகட்டிவ்" என்று இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

மார்பகப் புற்றுநோயில் இரண்டு பெரிய வகைகளைப் பிரித்தறிய இந்தச் சாயச் சோதனையைச் செய்கிறார்கள். லோபுலர் வகையில் பெரும்பாலும் ஈ-கேட்ஹெரின் இருக்காது. நுண்ணோக்கியில் அந்தச் செல்கள் ஒன்றன் பின் ஒன்றாக எறும்பு வரிசை போலத் தெரியும். டக்டல் வகையில் பொதுவாக ஈ-கேட்ஹெரின் இருக்கும். ஆகவே அந்த வரி முதலில் எந்த வகை என்று சொல்லும் வரி. நோய் எந்தக் கட்டம், எந்த மருந்து என்பதை மற்ற விவரங்களோடு சேர்த்து உங்கள் மருத்துவர் சொல்வார்.

பிடியை விட்ட செல்தான் பரவும் என்று ரொம்ப நாள் நினைத்தோம். பாதி உண்மை. கைகோத்தபடியே கொத்தாக ரத்தத்தில் போகும் புற்றுச் செல்களும் உண்டு. ஆனால் பிடியின் மரபணு பழுதானால் ஆபத்து என்பதில் சந்தேகமில்லை. நியூசிலாந்தில் ஒரு பெரிய மாவோரிக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகச் சின்ன வயதிலேயே வயிற்றுப் புற்றுநோய் வந்தது. 1998ல் பாரி கில்ஃபர்டின் குழு அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து தேடியபோது, ஈ-கேட்ஹெரினின் மரபணுவில் குறை இருப்பது தெரிந்தது. இப்போது அப்படிப்பட்ட குடும்பங்களில் முன்கூட்டியே சோதித்து, தேவையானால் இரைப்பையை எடுத்துவிடுகிறார்கள்.

கிருமிகளுக்கு இந்த இணைப்புகள் தடையா, வழியா?

இரண்டும். கெட்டுப்போன இறைச்சி உணவில் வளரும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் கிருமியின் நஞ்சு கிளாடினையே பிடித்துக்கொண்டு செல்லில் துளை போடுகிறது. ஹெபடைடிஸ் சி வைரஸ் ஈரல் செல்லுக்குள் நுழைய கிளாடின்-1 உள்ளிட்ட டைட் ஜங்ஷன் புரதங்கள் வேண்டும். லிஸ்டீரியா கிருமி ஈ-கேட்ஹெரினைப் பற்றி ஏறுகிறது. குடலில் செத்த செல்லைத் தள்ளும் அந்தச் சில நிமிடத்தில் ஈ-கேட்ஹெரின் வெளியே தெரிகிறதல்லவா, அந்த இடத்தைக் குறிவைக்கிறது. சாதாரண எலிகளுக்கு இந்த வழியில் லிஸ்டீரியா எளிதில் தொற்றாது, ஏனென்றால் எலியின் ஈ-கேட்ஹெரினில் அந்த இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் வேறு.

செடிகளுக்கு?

செடியின் செல்லுக்குக் கெட்டிச் சுவர் உண்டு, அதனால் கோப்பதற்குப் பதிலாக ஓட்டை போட்டு வைத்திருக்கின்றன. பிளாஸ்மோடெஸ்மா என்ற அந்தத் துளைகளை எட்வர்ட் டாங்கல் 1879ல் பார்த்தார். அவற்றின் வழியாக ஒரு செல்லின் சைட்டோபிளாசம் அடுத்த செல்லோடு தொடர்ந்து ஓடுகிறது. புகையிலைத் தேமல் வைரஸ் அந்தத் துளையை அகலப்படுத்தும் புரதத்தைத் தானே தயாரித்துக்கொண்டு செல்லுக்குச் செல் போகும். தக்காளி இலையில் வரும் தேமலில் அதுவும் ஒன்று.

சொந்தத்தில் கல்யாணம் செய்தால் காது கேளாத குழந்தை பிறக்கும் என்கிறார்களே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டிக்கொடுக்கும் வழக்கம் நம் ஊரில் இன்னும் இருப்பதால் இதை விவரமாகவே சொல்கிறேன்.

உட்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றித் தாங்கும் செல்கள் கேப் ஜங்ஷன்களால் இணைந்திருக்கின்றன. ஒலி வரும்போது மயிர்ச்செல்லுக்குள் புகுந்த பொட்டாசியம் இந்த வலை வழியாகத்தான் திரும்பவும் சுற்றுக்குப் போகிறது. இந்த வலையின் முக்கியப் புரதம் கனெக்சின் 26. அது பழுதானால் காது வெளியே பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பிறவியிலேயே கேட்காது. இந்த மரபணுவுக்கும் காது கேளாமைக்கும் உள்ள தொடர்பு 1997ல் தெரிந்தது. பிறவிக் கேளாமையின் மரபுக் காரணங்களில் உலக அளவில் இது முன்னணியில் இருக்கிறது. இந்தியாவில் அதிகம் காணப்படும் குறை, அந்தப் புரதத்தின் 24ஆவது இடத்திலேயே தயாரிப்பை நிறுத்திவிடும் ஒரு மாற்றம்.

பெற்றோர் இருவரிடமும் ஒரு நல்ல பிரதியும் ஒரு பழுதான பிரதியும் இருக்கலாம். அவர்களுக்குக் காது நன்றாகக் கேட்கும். இரண்டு பழுதும் ஒரே குழந்தைக்கு வந்துசேர்ந்தால்தான் கேளாமை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒரே பாட்டன் பாட்டியின் வழியில் வந்தவர்களிடம் அதே பழுது இருக்க வாய்ப்பு அதிகம். அதனால்தான் சொந்தத்தில் கட்டும்போது ஆபத்து கூடுகிறது. அதற்காகப் பிறந்த குழந்தையின் அம்மாவைக் குற்றம் சொல்வது அநியாயம். பழுது இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. சொந்தத்தில் கட்டாதவர்களுக்கும் இப்படிக் குழந்தை பிறக்கிறது.

குழந்தை பிறந்த ஒரு மாதத்துக்குள் காது பரிசோதனை செய்துவிடுங்கள். காதில் ஒரு சிறு கருவியை வைத்துப் பார்ப்பார்கள், வலிக்காது, தூங்கும்போதே செய்யலாம். சந்தேகம் இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் காதுக்கருவியும் பயிற்சியும் தொடங்க வேண்டும். தேவைப்பட்டால் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது கேட்பு நரம்பை நேரடியாகத் தூண்டும் கருவியை உட்காதில் பொருத்தலாம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு அது கிடைக்கிறது. கனெக்சின் 26 பழுதில் கேட்பு நரம்பு பொதுவாக நன்றாகவே இருப்பதால், இந்தக் குழந்தைகளுக்கு இம்ப்ளான்ட் நல்ல பலன் தருகிறது. "பேசுவான், அவன் அப்பாவும் லேட்டாகத்தான் பேசினான்" என்று மூன்று வயது வரை காத்திருக்காதீர்கள்.